உதவி: இழுவிசைச் சோதனைத் தரவுக்கு எந்த வரைபட மென்பொருள் நல்லது? (அவசரம்)

ஆய்வகவாசி | திங்கள், இரவு 11:08
அனைவருக்கும் வணக்கம். இழுவிசைச் சோதனைகளை (உலோக மாதிரியை உடையும்வரை இழுத்து அளப்பது) முடித்துவிட்டேன். எக்செலில் வரைபடம் போட்டால் சரியாக வரவில்லை. கோடு பல் பல்லாக இருக்கிறது, கணினியும் ஸ்தம்பித்து நின்றுவிடுகிறது. நெறியாளர் பார்த்துவிட்டு, "இதையா ஆய்வேட்டில் ஒட்டப்போகிறாய்? வேறு நல்ல மென்பொருளில் போடு" என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை ரிவ்யூ. மழமழவென்று கோடு வருகிற இலவச மென்பொருள் எது? உடனே சொன்னால் புண்ணியமாகப் போகும்.

நள்ளிரவு_நிரலர் | திங்கள், இரவு 11:15
பைத்தான், மேட்பிளாட்லிப். யோசிக்கவே வேண்டாம். அதை எழுதிய ஜான் ஹன்டர் வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளை ஆராய்ந்தவர்; தன் தரவைப் பார்ப்பதற்காகத்தான் அதைத் தொடங்கினார், 2003-இல் வெளியிட்டார். சோதனைத் தரவுக்கென்றே பிறந்த கருவி அது. பத்து வரி எழுதினால் போதும்.

வேலூர்_வெயில் | திங்கள், இரவு 11:21
அவருக்கு நிரல் எழுதத் தெரியுமா என்று கேட்டீர்களா? ஆய்வகவாசி, சில விவரங்கள் வேண்டும். விண்டோஸா, லினக்ஸா? எத்தனை வரிகள்? எத்தனை மாதிரிகள்? கோப்பு எந்த வடிவத்தில் இருக்கிறது? "சரியாக வரவில்லை" என்றால் எப்படி வருகிறது?

கோட்டோவியன் | திங்கள், இரவு 11:34
க்னூபிளாட். 1986-இலிருந்து இருக்கிறது, இலவசம், லட்சம் புள்ளிகளைக் கொடுத்தாலும் திணறாது. வரைபடத்துக்கான கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டால், நெறியாளர் "எழுத்தைப் பெரிதாக்கு" என்று சொல்லும்போது ஓர் எண்ணை மாற்றினால் போதும், எல்லாப் படங்களும் மாறிவிடும். சுட்டியைப் பிடித்துக்கொண்டு படம் படமாக அலைய வேண்டியதில்லை.

முனைவர்_பட்டறை | செவ்வாய், காலை 6:50
தம்பி, கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. என்ன பொருள், என்ன இயந்திரம், என்ன தரநிலை, ஒன்றுமே இல்லை. மருத்துவரிடம் போய் "வலிக்கிறது, நல்ல மாத்திரை எது?" என்று கேட்பதுபோல் கேட்டிருக்கிறீர்கள். இருக்கட்டும். ஆய்வுலகில் ஆரிஜின்தான் வழக்கம். காசு கொடுத்து வாங்க வேண்டும், விண்டோஸில் மட்டும் ஓடும், ஆனால் முறையான வேலை. எக்செலில் வரைந்த படத்தை ஆய்வேட்டில் பார்த்தாலே தேர்வாளர் முகம் சுளிப்பார். பல் பல்லாகத் தெரிவது லோட் செல்லின், அதாவது விசையை அளக்கும் உணரியின், இரைச்சல். 50 புள்ளிகளுக்கு நகரும் சராசரி எடுங்கள் (ஒவ்வொரு புள்ளிக்கும் பதிலாக அதை ஒட்டிய 50 புள்ளிகளின் சராசரி), மறைந்துவிடும்.

சதுரங்கக்குதிரை | செவ்வாய், காலை 7:32
எக்செலைத் திட்டுவது இங்கே ஒரு சடங்காகிவிட்டது. கருவி மேல் பழி போடும் முன் ஒன்றைப் பாருங்கள். 'லைன்' வகை வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தீர்களா, 'ஸ்கேட்டர்' வகையையா? லைன் வகையில் எக்செல் கிடை அச்சு மதிப்புகளை எண்களாகவே கொள்ளாது. எல்லாவற்றையும் சம இடைவெளியில் அடுக்கிவிடும். பாதிப் பேர் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான்.

அனுப்பாதகடிதம் | செவ்வாய், காலை 8:05
ஆரிஜினின் பழைய பதிப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது, சாவியுடன். தனிச்செய்தியில் வாருங்கள்.

நெறியாள்கை | செவ்வாய், காலை 8:40
மேலே உள்ளதுபோன்ற பதிவுகள் இனி நீக்கப்படும். திருட்டுப் பிரதிகளைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

ஆய்வகவாசி | செவ்வாய், பகல் 1:17
மன்னிக்கவும், காலையில் வகுப்பு இருந்தது. விண்டோஸ் 10, மடிக்கணினியில் 4 ஜிபி நினைவகம். மூன்று மாதிரிகள், ஒவ்வொன்றும் 45,000 வரிகளுக்கு மேல். இயந்திரம் வினாடிக்கு 200 முறை பதிவு செய்கிறது. கோப்பு சிஎஸ்வி, நேரம், விசை, நகர்வு, எக்ஸ்டென்சோமீட்டர் (மாதிரியின் மேல் பொருத்தி நீட்சியை அளக்கும் கருவி) காட்டும் திரிபு, அதாவது நீட்சி விகிதம், என்று நான்கு நெடுவரிசைகள். ஸ்கேட்டர் வகைதான் போட்டேன். ஆனால் திரிபு 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டிய அச்சு 45,000 வரைக்கும் ஓடுகிறது. அதனால்தான் எக்செலில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

சதுரங்கக்குதிரை | செவ்வாய், பகல் 1:26
இதை நேற்றே சொல்லியிருக்கலாம்! கோப்பைத் திறந்து முதல் மூன்று வரிகளை அப்படியே இங்கே எழுதுங்கள்.

ஆய்வகவாசி | செவ்வாய், பகல் 1:39
முதல் வரி: நேரம், விசை, நகர்வு, திரிபு (ஆங்கிலத்தில்). இரண்டாம் வரி: வினாடி, கிலோநியூட்டன், மில்லிமீட்டர், சதவீதக் குறி. மூன்றாம் வரியிலிருந்து எண்கள்.

சதுரங்கக்குதிரை | செவ்வாய், பகல் 1:44
கிடைத்துவிட்டது. அந்த இரண்டாம் வரிதான். தலைப்பு வரியை எக்செல் தலைப்பாக எடுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே கிடை அச்சுக்கான நெடுவரிசையில் ஒரே ஒரு கட்டத்தில் எழுத்து இருந்தாலும், அந்த நெடுவரிசை முழுவதையும் எழுத்தாகக் கருதி, மதிப்புகளுக்குப் பதிலாக 1, 2, 3 என்று வரிசை எண்களைப் போட்டுவிடும். உங்கள் 45,000 அங்கிருந்துதான் வருகிறது. அலகு வரியை நீக்குங்கள், அல்லது தலைப்போடு சேர்த்து ஒரே கட்டத்தில் எழுதுங்கள். புள்ளிக்குறிகளையும் எடுத்துவிட்டு வெறும் கோடு மட்டும் வையுங்கள். கணினி மூச்சு விடும்.

கோட்டோவியன் | செவ்வாய், பகல் 2:10
க்னூபிளாட்டில் மேலே எத்தனை வரிகளைத் தாண்ட வேண்டும் என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். இந்தத் தலைவலியே கிடையாது.

சதுரங்கக்குதிரை | செவ்வாய், பகல் 2:13
மூன்று நாளில் ரிவ்யூ வைத்திருக்கும் பிள்ளையிடம் கட்டளை மொழி படிக்கச் சொல்கிறீர்கள்.

நள்ளிரவு_நிரலர் | செவ்வாய், பகல் 2:20
பைத்தானிலும் அதே வசதி உண்டு. மொழியும் இன்றில்லாவிட்டால் நாளை தேவைப்படத்தான் போகிறது.

உலோகத்தான் | செவ்வாய், மாலை 5:55
எல்லோரும் மென்பொருளைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தப் பற்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஆய்வகவாசி, பொருள் என்ன? சோதனை வேகம் என்ன? பற்கள் தொடக்கத்திலிருந்தே இருக்கின்றனவா, ஈல்டு (உலோகம் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் புள்ளி) தாண்டிய பிறகு வருகின்றனவா?

முனைவர்_பட்டறை | செவ்வாய், மாலை 6:20
காலையிலேயே சொல்லிவிட்டேனே, இரைச்சல் என்று. சராசரி எடுத்தால் தீர்ந்தது. முப்பது வருடமாக எல்லோரும் செய்வதுதான்.

ஆய்வகவாசி | செவ்வாய், இரவு 9:48
அலகு வரியை நீக்கியதும் அச்சு சரியாகிவிட்டது, சதுரங்கக்குதிரை அண்ணாவுக்கு மிக்க நன்றி. பொருள் அலுமினியக் கலவை 5083, ஓ டெம்பர் (மென்மைப்படுத்திய நிலை), 6 மி.மீ. தகடு. மாதிரியின் அகலம் 12.5, கேஜ் நீளம் (நீட்சியை அளக்கும் பகுதி) 50. வேகம் நிமிடத்துக்கு 3 மி.மீ. தொடக்கத்தில் கோடு சுத்தமாகத்தான் இருக்கிறது. ஈல்டுக்குப் பிறகு கொஞ்ச தூரத்தில் பற்கள் தொடங்குகின்றன, போகப் போகப் பெரிதாகின்றன. இன்னொன்று, ஓரிடத்தில் கோடு செங்குத்தாக நிற்கிறது.

உலோகத்தான் | செவ்வாய், இரவு 10:31
நினைத்தேன். தம்பி, அந்தப் பற்களைத் தொடாதீர்கள்.

5083-இல் 4 முதல் 4.9 சதவீதம் வரை மக்னீசியம் இருக்கிறது. அறை வெப்பநிலையில் மெதுவாக இழுக்கும்போது, தடைகளில் தேங்கி நிற்கும் டிஸ்லொகேஷன்களை (படிக அமைப்பில் நகரக்கூடிய கோட்டுக் குறைகளை) நோக்கி மக்னீசிய அணுக்கள் நகர்ந்து வந்து அவற்றைக் கட்டிப்போடுகின்றன. தகைவு (ஓரலகு பரப்பின் மீதான விசை) ஏறுகிறது. ஒரு கட்டத்தில் அவை கூட்டமாக விடுபட்டு ஓடுகின்றன, விசை சட்டென்று இறங்குகிறது. மறுபடியும் கட்டு, மறுபடியும் விடுபடல். இதற்குப் பெயர் போர்ட்வின்–லெ ஷாட்டலியே விளைவு, 1923-இலிருந்து அறியப்பட்டது. அழுத்தி வடிவமைக்கும்போது தகட்டின் மேல் வரி வரியாகத் தழும்பு விழுவதற்கும் இது காரணமாகிறது. கார்களின் வெளிப்புறத் தகட்டுக்கு 5083 அடங்கிய 5000 வரிசைக் கலவைகளை விட்டு 6000 வரிசையை எடுப்பதற்கு அந்தத் தழும்பும் ஒரு காரணம்.

லோட் செல்லின் இரைச்சலாக இருந்தால் மீட்சிப் பகுதியிலும் (ஈல்டுக்கு முந்தைய நேர்கோட்டிலும்) அதே அளவில் தெரிய வேண்டும். உங்களுக்கு அங்கே சுத்தமாக இருக்கிறது. இன்னும் சந்தேகம் இருந்தால் 5 முதல் 6 சதவீதம் வரை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். மெல்ல ஏறி, சட்டென்று விழுந்து, மறுபடி மெல்ல ஏறினால் அது உலோகத்தின் வேலை. மேலும் கீழும் ஒழுங்கில்லாமல் துடித்தால் மின்னணுவின் வேலை.

செங்குத்துக் கோடு: எக்ஸ்டென்சோமீட்டரை நடுவில் கழற்றினீர்களா?

முனைவர்_பட்டறை | செவ்வாய், இரவு 10:58
பாடப்புத்தகத்தை ஒப்பிக்க எனக்கும் தெரியும். இது எம்.இ. ஆய்வேடு, உலோகவியல் முனைவர் பட்டம் அல்ல. தேர்வாளருக்கு வேண்டியது உச்சத் தகைவும் நீட்சியும். பல் பல்லாகப் படம் காட்டினால் இயந்திரம் பழுது என்பார். சராசரி எடுப்பதில் என்ன பாவம்?

உலோகத்தான் | செவ்வாய், இரவு 11:06
எடுங்கள், ஆனால் எடுத்ததாகப் படத்துக்குக் கீழே எழுதுங்கள். 50 புள்ளி என்றால் கால் வினாடி. அதற்குள் விழுந்து எழுந்த பல் இருந்த இடமே தெரியாது. ஈல்டு முனையும் மழுங்கும். உண்மையில் இரைச்சல் இருந்து வடிகட்டத்தான் வேண்டுமென்றால் சாவிட்ஸ்கி–கோலே முறை இருக்கிறது, 1964-இல் வந்தது, முகடுகளை இவ்வளவு சிதைக்காது. ஆனால் இங்கே வடிகட்ட எதுவும் இல்லை. இயந்திரம் அளந்ததை அழித்துவிட்டு அழகு பார்ப்பதற்கு அவர் ஏன் சோதனையே செய்ய வேண்டும்?

முனைவர்_பட்டறை | செவ்வாய், இரவு 11:12
சொற்களை அளந்து பேசுங்கள்.

நள்ளிரவு_நிரலர் | புதன், அதிகாலை 12:40
சாவிட்ஸ்கி–கோலே பைத்தானில் ஒரே வரி. சும்மா சொல்லி வைக்கிறேன்.

பஞ்சுமிட்டாய் | புதன், காலை 7:15
எக்செலில் 'ஸ்மூத்டு லைன்' என்று ஒன்று இருக்கிறதே, அதைத் தட்டினால் ஆகாதா?

சதுரங்கக்குதிரை | புதன், காலை 7:21
ஆகாது. அது எல்லாப் புள்ளிகள் வழியாகவும்தான் போகும். இடையில் உள்ள கோட்டை மட்டும் வளைக்கும். 45,000 புள்ளிகளில் ஒரு வித்தியாசமும் தெரியாது. பத்துப் புள்ளிகள் மட்டும் இருக்கும்போது போட்டால் அளக்காத இடத்தில் மேடு பள்ளம் காட்டும். அது இன்னும் மோசம்.

வேலூர்_வெயில் | புதன், காலை 9:02
கேள்விக்கு வருவோமா? நிரல் எழுதாமல், இலவசமாக, விண்டோஸில் வேண்டுமென்றால் லேப்பிளாட் போடுங்கள். கேடிஇ குழுவினருடையது. கோப்பை உள்ளே எடுக்கும்போது எந்த வரியிலிருந்து தொடங்க வேண்டும் என்று அங்கேயே கேட்கும். மூன்று கோடுகளை ஒரே படத்தில் போட்டு, ஓரத்தில் பெரிதாக்கிய சிறு படமும் வைக்கலாம். படத்தைப் பிடிஎஃபாக எடுங்கள், பெரிதாக்கினாலும் உடையாது. மடிக்கணினி திணறினால் பத்தில் ஒரு புள்ளி வீதம் எடுத்தால் வினாடிக்கு 20 புள்ளிகள் மிஞ்சும், பற்கள் ஓரளவு தப்பும். நூற்றில் ஒன்று என்றால் வினாடிக்கு இரண்டுதான். பல்லின் உருவமே வேறாகிவிடும். சிறு படத்துக்கு முழுத் தரவையே வையுங்கள். பின்னாளில் கோட்டோவியன் சொன்னதைக் கற்றுக்கொள்ளுங்கள், அவர் சொன்னதில் தவறில்லை. இந்த வாரத்துக்கு அது வேண்டாம்.

கோட்டோவியன் | புதன், காலை 9:10
ஒருவழியாக ஒருவர் ஒப்புக்கொண்டார்.

முனைவர்_பட்டறை | புதன், காலை 10:25
ஆரிஜினில் இவை எல்லாமே இருக்கின்றன. இலவசத்தில் வந்ததை நம்பி ரிவ்யூவுக்குப் போகிறவர்களுக்கு என் வாழ்த்து.

ஆய்வகவாசி | வியாழன், மாலை 6:33
லேப்பிளாட்டில் போட்டுவிட்டேன், மூன்று கோடுகளும் வந்துவிட்டன. 5-6 சதவீதத்தில் மெல்ல ஏறிச் சட்டென்று விழுகிறது, ஒவ்வொரு வீழ்ச்சியும் சுமார் 3 மெகாபாஸ்கல். நெறியாளர் அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், பல்லை அப்படியே வை என்று சொல்லிவிட்டார். எக்ஸ்டென்சோமீட்டரை 8 சதவீதத்தில் கழற்றினோம், அதற்குப் பிறகு என்ன செய்வது? உச்ச விசை 21.6 கிலோநியூட்டன், அது சரியா? அச்சடிக்க ஓட வேண்டும்.

உலோகத்தான் | வியாழன், இரவு 7:05
21,600 நியூட்டனை 75 சதுர மி.மீ.-ஆல் (அகலம் 12.5 × தடிமன் 6) வகுத்தால் 288 மெகாபாஸ்கல். ஓ டெம்பருக்கு 290-ஐ ஒட்டித்தான் வரும், கவலை வேண்டாம். 8 சதவீதத்துக்கு மேல் எக்ஸ்டென்சோமீட்டர் நெடுவரிசையை வெட்டிவிடுங்கள், செங்குத்துக் கோடு போய்விடும். அதற்குப் பிறகு கிராஸ்ஹெட் (மாதிரியை இழுக்கும் நகரும் குறுக்குச் சட்டம்) நகர்விலிருந்து திரிபைக் கணக்கிட்டுக் கோட்டைத் தொடருங்கள். எந்த இடத்தில் மாற்றினீர்கள் என்று படத்திலேயே ஒரு குறி வையுங்கள். ஆனால் மீட்சிக் குணகத்தைக் கிராஸ்ஹெட் நகர்வை வைத்துக் கணக்கிட்டுவிடாதீர்கள். பிடிகளும் சட்டமும் வளைவது அதில் சேர்ந்துவிடும். 70 கிகாபாஸ்கல் வர வேண்டிய இடத்தில் அதில் பாதிகூட வராது. முறிவு நீட்சியை உடைந்த துண்டுகளைச் சேர்த்து வைத்து அளந்ததுதான் கணக்கு. படத்துக்குக் கீழே நிமிடத்துக்கு 3 மி.மீ. என்ற வேகத்தையும் எழுதுங்கள். வேகம் மாறினால் பற்களும் மாறும், தேர்வாளர் கேட்பார்.

சதுரங்கக்குதிரை | வெள்ளி, மாலை 5:40
ரிவ்யூ என்ன ஆயிற்று?

பஞ்சுமிட்டாய் | ஞாயிறு, காலை 11:02
ஆளைக் காணவில்லை. லேப்பிளாட்டில் பிழைப் பட்டை போடும் இடம் எங்கே இருக்கிறது என்று யாராவது சொல்லுங்கள், நானும் அரை மணி நேரமாகத் தேடுகிறேன்.