லேபிளைப் பெட்டிப் பக்கத்துக்குச் சாய்த்தால் பார்டர் கெடுகிறது, கொஞ்சம் அவசரம்

மலைச்சாரல்
எல்லோருக்கும் வணக்கம். தேயிலைப் பெட்டி ஒன்றுக்கு மாதிரிப் படம் செய்துகொண்டிருக்கிறேன். தட்டையாக வரைந்த லேபிளைச் சாய்த்துப் பெட்டியின் வலது பக்கத்தில் உட்காரவைத்தால் பார்டர் கெட்டுப்போகிறது. ஒரு மூலையில் தடித்துத் தெரிகிறது, அடுத்த மூலையில் இளைத்துவிடுகிறது. எழுத்து வேறு பெட்டியோடு சேர்ந்து ஏறாமல் நேர்வரிசையிலேயே நிற்கிறது. மேலே இருக்கும் அந்தப் பட்டனையும் அமுக்கிப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. நாளை காலை அனுப்ப வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நேர்கோடு
எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு? லேபிள் செவ்வகக் கருவியில் வரைந்ததா, பேனாவில் புள்ளி புள்ளியாக வைத்து வரைந்த பாத்தா? எழுத்து இன்னும் எழுத்தாகவே இருக்கிறதா? ‘அந்தப் பட்டன்’ என்றால் எது? இங்க்ஸ்கேப்பில் தேர்வுக் கருவியின் பட்டையில் நான்கு பட்டன்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்று கோட்டின் தடிமனுக்கு, ஒன்று செவ்வகத்தின் மூலை வளைவுக்கு, ஒன்று கிரேடியண்டுக்கு, ஒன்று பேட்டர்னுக்கு. படம் ஒன்று போட்டால் நல்லது.

பழைய_அச்சுக்காரன்
கோரல் ட்ராவா தம்பி? அப்படியென்றால் அவுட்லைன் பேனாவைத் திறந்து ‘ஸ்கேல் வித் ஆப்ஜெக்ட்’ என்பதில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். சிறிதாக்கும்போதும் பெரிதாக்கும்போதும் பார்டர் கெடுவது பெரும்பாலும் அதனால்தான். பிறகு எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோல் + க்யூ. எழுத்தைக் கர்வாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றாமல் எந்த வேலையையும் வெளியே அனுப்பக்கூடாது.

தூரப்பார்வை
சாய்ப்பதே தவறான வழி. பெட்டியின் பக்கம் என்றால் பெர்ஸ்பெக்டிவ் வேண்டும். இங்க்ஸ்கேப்பில் பாத் எபெக்ட்ஸ் பட்டியலில் ‘பெர்ஸ்பெக்டிவ் / என்வலப்’ இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு நான்கு மூலைகளையும் பெட்டியின் நான்கு மூலைகளில் கொண்டுபோய் வையுங்கள். எழுத்தும் கூடவே போகும். நான் எல்லா மாதிரிப் படமும் இப்படித்தான் செய்கிறேன்.

வெக்டர்_வாத்தியார்
இந்தக் கேள்வி இங்கே திரும்பத் திரும்ப வருகிறது. பழைய இழைகளை ஒருமுறை தேடியிருந்தால் போதும். சரி, அடிப்படையிலிருந்து சொல்கிறேன். அளவு மாற்றுவது, சுழற்றுவது, சாய்ப்பது மூன்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு: இணைகோடு இணைகோடாகவே இருக்கும். எவ்வளவு சாய்த்தாலும் செவ்வகம் இணைகரமாகும், சரிவகமாகாது. ஆகவே ஐசோமெட்ரிக் பெட்டிக்கு, அதாவது தூரம் போனாலும் குறுகாத பெட்டிக்கு, இந்த மூன்றுமே போதும். தூரம் போகப் போகக் குறுகும் பெட்டிக்குத்தான் தூரப்பார்வை சொல்லும் கருவி. அவர் பெட்டி எந்த வகை என்று கேட்காமலேயே ஆளாளுக்கு மருந்து எழுதுகிறீர்கள்.

மலைச்சாரல்
மன்னிக்கவும், வெளியே போயிருந்தேன். இங்க்ஸ்கேப் 1.3. ஐசோமெட்ரிக் பெட்டிதான், எதிர்ப் பக்கங்கள் இணையாக இருக்கின்றன. லேபிள் செவ்வகக் கருவியில் வரைந்தது, மூலைகளை வளைத்திருக்கிறேன், பார்டர் 2 மி.மீ. அமுக்கிய பட்டன் தடிமனுக்கு உள்ளது. எழுத்தைப் பாத்தாக மாற்றி குரூப்பைப் பிரித்துவிட்டேன், சில எழுத்துகளுக்கு வேறு நிறம் கொடுக்க வேண்டியிருந்தது. டிரான்ஸ்பார்ம் பெட்டியில் ஸ்கியூ (சாய்வு) 30 கொடுத்தேன்.

பொன்வண்டு
எனக்கு என்னவோ பவுண்டிங் பாக்ஸ்தான் (பொருளைச் சுற்றி அளவெடுக்கும் கட்டம்) காரணம் என்று தோன்றுகிறது. பிரிபரன்சஸ், டூல்ஸ் பக்கத்தில் ‘விஷுவல்’, ‘ஜியோமெட்ரிக்’ என்று இரண்டு இருக்கும். விஷுவல் என்றால் பார்டரையும் சேர்த்து அளக்கும். 100 மி.மீ. செவ்வகத்துக்கு 2 மி.மீ. பார்டர் போட்டால் அகலம் 102 என்று காட்டும். ஜியோமெட்ரிக்குக்கு மாற்றிப் பாருங்கள்.

நேர்கோடு
மூலையோடு மூலை பொருந்தாமல் இடைவெளி விழுந்தால் பொன்வண்டு சொல்வது உதவும். தடிமன் மாறுவதற்கு அது காரணமில்லை.

மலைச்சாரல், இன்னும் இரண்டு கேள்வி. 30 கொடுத்தபோது பக்கத்தில் அலகு என்ன இருந்தது? மி.மீ. என்று இருந்தால் 30 மி.மீ. தள்ளும், டிகிரி ஆகாது. அப்புறம், சாய்ப்பதற்கு முன் அகலத்தை 86.602 சதவீதத்துக்குக் குறைத்தீர்களா? ஐசோமெட்ரிக் பக்கச்சுவருக்கு முதலில் அகலம் மட்டும் 86.602, பிறகு செங்குத்துச் சாய்வு 30 டிகிரி. ஒரு பக்கத்துக்குக் கூட்டல் குறி என்றால் மறு பக்கத்துக்குக் கழித்தல் குறி. தப்பான திசையில் போனால் குறியை மாற்றுங்கள், அவ்வளவுதான். அகலத்தைக் குறைக்காமல் சாய்த்தால் சாய்ந்த விளிம்பு நீண்டுவிடும். கையால் இழுப்பதானால் ஒருமுறை கிளிக் செய்தால் அளவுக் கைப்பிடிகள், மறுமுறை கிளிக் செய்தால் சுழற்றவும் சாய்க்கவும் உள்ள கைப்பிடிகள். கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு இழுத்தால் 15 டிகிரிப் படிகளில் நிற்கும்.

மலைச்சாரல்
டிகிரிதான். 86.602-ம் கொடுத்தேன்.

வெக்டர்_வாத்தியார்
இப்போதுதான் விவரம் வருகிறது. முதல் பதிவிலேயே இதைப் போட்டிருந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

இங்க்ஸ்கேப் சேமிக்கும் எஸ்விஜி கோப்பில் செவ்வகம் என்பது நான்கு எண்கள்: இடம் இரண்டு, அகலம், உயரம். மூலை வளைவுக்கு இன்னும் இரண்டு. இந்த எண்களை வைத்து இணைகரத்தைச் சொல்லவே முடியாது. ஆகவே நீங்கள் சாய்க்கும்போது இங்க்ஸ்கேப் செவ்வகத்தைச் செவ்வகமாகவே வைத்துக்கொண்டு, அதன்மேல் ஒரு மேட்ரிக்ஸை, அதாவது எப்படிச் சாய்க்க வேண்டும் என்று சொல்லும் எண்களை, எழுதிவைக்கிறது. கண்ட்ரோல் + ஷிப்ட் + எக்ஸ் அழுத்தி எக்ஸ்எம்எல் பெட்டியைத் திறந்தால் ‘டிரான்ஸ்பார்ம்’ என்ற வரியில் ஆறு எண்கள் தெரியும். உங்கள் படத்தில் முதல் நான்கும் ஏறத்தாழ 0.866, -0.5, 0, 1 என்று இருக்கும். பார்டர் முதலில் நேரான செவ்வகத்தைச் சுற்றி 2 மி.மீ. என்று வரையப்பட்டு, அதற்குப் பிறகுதான் மொத்தமும் சாய்க்கப்படுகிறது. கோடும் சேர்ந்தே சாய்கிறது.

கணக்குப் போட்டால் நேர்விளிம்பு நான்கிலும் 2 மி.மீ. பார்டர் 1.73 ஆகும். கூர்மையான இரண்டு மூலைகளின் நடுவில் 2.45. விரிந்த இரண்டு மூலைகளில் 1.41. நீங்கள் பார்த்தது இதுதான். தடிமன் பட்டன் அளவு மாற்றும்போது மொத்தத் தடிமனும் சேர்ந்து மாற வேண்டுமா என்பதற்கு மட்டும். இந்த வித்தியாசத்தை அது தொடாது.

நேர்கோடு
வாத்தியார் காரணத்தைச் சொல்லிவிட்டார், செய்ய வேண்டியதை நான் சொல்கிறேன். சாய்ப்பதற்கு முன்னால் செவ்வகத்தைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + ஷிப்ட் + சி, அதாவது ‘ஆப்ஜெக்ட் டூ பாத்’. பிறகு 86.602, பிறகு 30. பாத்துக்கு இங்க்ஸ்கேப் மேட்ரிக்ஸ் எழுதாமல் புள்ளிகளின் இடத்தையே மாற்றிவிடும். பார்டர் புது வடிவத்தைச் சுற்றிப் புதிதாக வரையப்படுவதால் எல்லா இடத்திலும் ஒரே தடிமன். தடிமன் பட்டனை அணைத்து வைத்தால் சரியாக 2 மி.மீ. இருக்கும். பிரிபரன்சஸில் டிரான்ஸ்பார்ம்ஸ் பக்கத்தில் ‘ஆப்டிமைஸ்டு’ என்று இருக்க வேண்டும். ‘பிரிசர்வ்டு’ என்றால் பாத்திலும் மேட்ரிக்ஸ்தான் ஏறும்.

செவ்வகத்தின் நகல் ஒன்றை மறைத்த லேயரில் வைத்துக்கொள்ளுங்கள். பாத்தாகிவிட்டால் மூலை வளைவுக் கைப்பிடி போய்விடும். செவ்வகமாக இருக்கும்வரை சாய்த்த பிறகும் வளைவை மாற்றலாம், எக்ஸ்எம்எல்லில் அந்த டிரான்ஸ்பார்ம் வரியை நீக்கினால் சாய்வையே கழற்றிவிடலாம்.

வெக்டர்_வாத்தியார்
ஒரு நிமிடம். ஒரே தடிமனாக ஆக்குவதுதான் சரி என்று யார் சொன்னது? அந்த பார்டர் பெட்டியின்மேல் அச்சாகப் போகிற மை. நிஜப் பெட்டியை அந்தக் கோணத்தில் பார்த்தால் வளைந்த மூலையில் அது தடித்தும் இளைத்தும்தான் தெரியும். செவ்வகம் காட்டுவதுதான் உண்மை. பாத்தாக மாற்றி 2 மி.மீ. வைத்தால் பார்டர் மட்டும் பெட்டியில் ஒட்டாமல் திரைமேல் மிதப்பது போலத் தெரியும்.

பழைய_அச்சுக்காரன்
வாடிக்கையாளரிடம் போய் மேட்ரிக்ஸ் என்று சொல்லிப் பாருங்கள். மூலையில் கோடு தடித்திருந்தால் ‘சரியாக வரையவில்லை’ என்று திருப்பி அனுப்புவார். கண்ணுக்குச் சரியாக இருப்பதே சரி.

நேர்கோடு
இரண்டு பேர் சொல்வதும் வேறுவேறு கோடுகளுக்குப் பொருந்தும். பெட்டியின் வெளிவிளிம்பை வரையும் கோடு படத்தின் கோடு, அது எங்கும் ஒரே தடிமனாக இருக்கட்டும், பாத்தாக மாற்றுங்கள். லேபிளில் அச்சாகும் பார்டர் பொருளின் ஒரு பகுதி. அதைச் சாய்வோடு போகவிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. அதற்கு ‘ஸ்ட்ரோக் டூ பாத்’ கொடுத்துவிட்டுச் சாய்த்தால் இன்னும் நல்லது. கோடே நிரப்பிய வடிவமாகிவிடும், வேறு எந்த மென்பொருளில் திறந்தாலும் மாறாது. ஆனால் மலைச்சாரலின் பெட்டியில் இரண்டு வகைக் கோடும் பக்கத்தில் பக்கத்தில் வருகிறது. அங்கே ஒன்று மெலிந்தும் ஒன்று தடித்தும் இருந்தால் கண்ணை உறுத்தத்தான் செய்யும். அது அவர் முடிவு.

தூரப்பார்வை
பெர்ஸ்பெக்டிவ் எபெக்டில் இந்தச் சிக்கலே வராது. அங்கே எப்போதும் பாத்தின் புள்ளிகள்தான் நகரும்.

நேர்கோடு
உண்மைதான். ஆனால் நான்கு மூலையையும் கையால் வைக்கும்போது 30 டிகிரி சரியாக விழுந்ததா என்று அளந்து பார்க்க வேண்டும். எண் கொடுத்துச் செய்வது அவருக்கு எளிது.

இனி எழுத்து. குரூப்பைப் பிரித்துவிட்டீர்கள் அல்லவா? டிரான்ஸ்பார்ம் பெட்டியின் அடியில் ‘அப்ளை டூ ஈச் ஆப்ஜெக்ட் செபரேட்லி’ என்று ஒரு டிக் இருக்கும். அது விழுந்திருந்தால் ஒவ்வொரு எழுத்தும் தன் நடுப்புள்ளியைச் சுற்றித் தனித்தனியாகச் சாயும், வரிசை மட்டும் ஏறாது. டிக்கை எடுங்கள் அல்லது கண்ட்ரோல் + ஜி போட்டு குரூப் செய்யுங்கள். ஏற்கெனவே கெட்டுப்போன எழுத்தை மீட்க அன்டூ போதாவிட்டால், டிக் இருக்கும்போதே எதிர்க்குறியில் 30 டிகிரி, பிறகு அகலம் 115.47 சதவீதம். பழைய நிலைக்கு வந்துவிடும்.

வெக்டர்_வாத்தியார்
எழுத்தைப் பாத்தாக மாற்றியதே தேவையில்லாத வேலை. இங்க்ஸ்கேப்பில் எழுத்தை எழுத்தாகவே சாய்க்கலாம், சாய்த்த பிறகும் கருவியை வைத்துத் திருத்தலாம். நிறம் மாற்ற வேண்டுமானால் அந்த எழுத்தை மட்டும் இழுத்துத் தேர்ந்தெடுத்து நிறம் கொடுக்கலாம். பாத்தாக மாற்றினால் ‘கொ’வில் கொம்பும் ககரமும் காலும் தனித்தனித் துண்டாகும். ஒன்றை நகர்த்தினால் மற்றது நிற்கும்.

பழைய_அச்சுக்காரன்
சொல்வது எளிது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் போய் ஆங்கில எழுத்தாக நிற்கும். அச்சகத்துக்குக் கர்வாக்கித்தான் அனுப்ப வேண்டும்.

வெக்டர்_வாத்தியார்
அது பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களின் பிரச்சினை. அவை ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருப்பவை. யூனிகோடில் தட்டினால் எழுத்துரு இல்லாவிட்டாலும் வேறொரு தமிழ் எழுத்துருவாவது வரும்.

பழைய_அச்சுக்காரன்
வேறொரு எழுத்துரு வந்தால் வரி நீளம் மாறும், லேபிளை விட்டு வெளியே ஓடும். அச்சான பிறகு என்ன செய்வது? இன்றைக்கும் எங்கள் பக்கம் வரும் வேலையில் நிறைய பாமினிதான். எழுத்துருவைக் குறை சொல்லிப் பயனில்லை, கர்வாக்குங்கள்.

பொன்வண்டு
இரண்டையும் வைத்துக்கொள்ளலாமே. மூலக் கோப்பில் எழுத்து எழுத்தாக இருக்கட்டும். பிடிஎப்பாகச் சேமிக்கும்போது வரும் பெட்டியில் எழுத்தைப் பாத்தாக மாற்றும் தேர்வு இருக்கிறது. அனுப்பும் கோப்பில் மட்டும் மாறும்.

பழைய_அச்சுக்காரன்
அப்படி ஒன்று இருந்தால் நல்லதுதான். பார்க்கிறேன்.

மலைச்சாரல்
பார்டர் சரியாகிவிட்டது, எழுத்தும் ஏறிவிட்டது. எல்லோருக்கும் நன்றி. மேல் மூடிக்கு என்ன எண்?

நேர்கோடு
மூடிக்கு முதலில் 45 டிகிரி சுழற்றுங்கள். பிறகு அகலம் 122.474 சதவீதம், உயரம் 70.711 சதவீதம். பூட்டுச் சின்னம் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்தே மாறும். சதுர மூடிக்கும் நீள்சதுர மூடிக்கும் இதே எண்கள்தான். சில பாடங்களில் 45 சுழற்றி உயரத்தை 57.735 ஆக்கச் சொல்வார்கள். அதில் வடிவம் சரி, அளவு மட்டும் சுவர்களைவிடச் சிறிதாக வரும், பிறகு மொத்தமாகப் பெரிதாக்க வேண்டியிருக்கும். மூடியில் செவ்வகம் இருந்தால் அதையும் முன்பே பாத்தாக்கிவிடுங்கள். 45 சுழற்றிய பிறகு அகலத்தையும் உயரத்தையும் வேறுவேறாக மாற்றினால் அதுவும் சாய்வுதான்.

லேபிளில் கிரேடியண்டோ பேட்டர்னோ இருந்தால் அந்தக் கடைசி இரண்டு பட்டன்களும் அமுங்கியிருக்கிறதா என்று அனுப்புவதற்கு முன் ஒருமுறை பாருங்கள். இல்லாவிட்டால் வடிவம் சாயும், உள்ளே இருக்கும் நிறம் பழைய இடத்திலேயே நிற்கும்.