எடிட்டரில் ஒன்று, வெளியே வேறொன்று: உங்களுக்கு நடந்தது என்ன?

கருப்பட்டி:
அப்பாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு என் வலைப்பதிவில் ஒரு பதிவு. கணினியில் ஏற்கெனவே தட்டி வைத்திருந்ததை அப்படியே எடுத்து விஷுவல் எடிட்டரில் (எழுதும்போதே பதிவின் தோற்றத்தைக் காட்டும் பெட்டி) ஒட்டி, படம் சேர்த்து, வெளியிட்டுவிட்டேன். லேப்டாப்பில் நன்றாகத்தான் இருந்தது. ராத்திரி சித்தப்பா போன் செய்தார். "தலைப்பும் அண்ணன் போட்டோவும் இருக்கு, கீழே ஒண்ணையும் காணோமேப்பா."

நேரில் போய்ப் பார்த்தேன். அவர் போனில் டார்க் மோடு. திரையில் விரலை வைத்து அழுத்தினார். நீலப் பட்டைக்குள் "சைக்கிளை" என்று ஒரு சொல் தெரிந்தது. விரலை இழுக்க இழுக்க அடுத்தடுத்த வரிகள் வந்தன. அப்படியே கடைசிவரை படித்தார். ஒட்டும்போது கறுப்பு நிறமும் கூடவே வந்திருக்கிறது. கறுப்புப் பின்னணியில் கறுப்பு எழுத்து. சொந்தத்தில் எத்தனை பேர் வெறும் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்களோ, அது இன்னும் உறுத்துகிறது.

மணிமுத்தாறு:
இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக எழுத்துப் பாடம் போடுவேன். "கெ"யில் ஒற்றைக் கொம்பை மட்டும் சிவப்பாக்க நினைத்தேன். எடிட்டரில் கொம்பைத் தனியாகத் தேர்வு செய்யவே முடியவில்லை, முழு எழுத்தும் சேர்ந்து வந்தது. பதிவுக்குப் பின்னால் இருக்கும் குறிமொழியைக் காட்டும் ஹெச்டிஎம்எல் பக்கம் போய் நிறத்தைப் பிரித்துப் போட்டேன். மறுநாள் ஸ்மார்ட் போர்டில் திறந்தால் "க" தனியாக நிற்கிறது, கொம்புக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம். முன் வரிசைப் பிள்ளை எழுந்து வந்து அதன்மேல் விரலை வைத்து, "டீச்சர், இது என்ன எழுத்து?" என்றாள். அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்: கண்ணுக்குக் கொம்பு முன்னால் வந்தாலும், கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் "க" முதலில், கொம்பு அதன் பின்னால். பிரித்தால் கொம்புக்கு ஒட்டிக்கொள்ள எழுத்து இல்லை, அதனால் அந்த வட்டம். இப்போது படமாக வரைந்து போடுகிறேன். அவளுக்கு அன்றைக்கே சரியான பதில் சொல்லியிருக்கலாம்.

ஓலைக்கொட்டான்:
கருப்பட்டி, எடிட்டரைக் குறை சொல்வதை நான் ஏற்கவில்லை. வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டினால் எழுத்துரு, நிறம், அளவு எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் கூடவே வரும். கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தி ஒட்டுங்கள். வெறும் எழுத்து மட்டும் வரும். தடிமனும் இணைப்பும் போய்விடும், பரவாயில்லை, திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அப்புறம், துணைத் தலைப்புக்கு எழுத்தைத் தடிமனாக்குவதோடு நிறுத்திவிடாதீர்கள். தலைப்பு 2 என்று தேர்வு செய்யுங்கள். திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் வைத்துப் படிக்கிற பார்வையற்றவர்கள் தலைப்பு தலைப்பாகத் தாவித்தான் பதிவைப் புரட்டுகிறார்கள். தமிழைச் சாய்வெழுத்தில் போட வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களுக்குச் சாய்வு வடிவமே இல்லை. பிரவுசர்தான் நேர் எழுத்தைப் பிடித்துச் சாய்க்கிறது. கவிதை எழுதுகிறவர்கள் வரிக்கு வரி ஷிஃப்டோடு எண்டர் தட்டுங்கள். 2018 டிசம்பரில் வலைப்பதிவு மென்பொருளான வேர்ட்பிரஸின் 5.0 பதிப்பு வந்ததிலிருந்து, வெறும் எண்டர் தட்டினால் ஒவ்வொரு வரியும் தனி பிளாக், அதாவது தனிப் பத்திப் பெட்டி. அதிலேயே வெர்ஸ் என்று ஒரு பிளாக் உண்டு, நீங்கள் விட்ட இடைவெளியைக்கூட அப்படியே காக்கும்.

என் அனுபவம்: இருபுறமும் ஓரம் சமமாக்கி ஒரு கட்டுரை போட்டேன். போனில் "நடந்துகொண்டிருக்கும்போது" ஒரு வரியை முழுதாகப் பிடித்துக்கொண்டது, அதற்கு மேல்வரியில் இரண்டு சொல்லுக்கு நடுவே ஒரு விரலே நுழையும். அன்றிலிருந்து இடது ஓரம்தான்.

கருப்பட்டி:
ஓலைக்கொட்டான், நான் எடிட்டரைக் குறை சொல்லவே இல்லையே. என் கவனக்குறைவைத்தான் எழுதினேன். நீங்கள் சொன்னபடி மறுபடி ஒட்டிவிட்டேன், டார்க் மோடிலும் எழுத்து தெரிகிறது, நன்றி. சித்தப்பாவைத் திறந்து பார்க்கச் சொன்னேன். "நான்தான் அன்னைக்கே முழுசும் படிச்சிட்டேனேப்பா" என்கிறார்.