அலைனரா, கம்பியா: காப்பி குடிக்கும் ஊரில் 22 மணி நேரம் முடியுமா?

வைகைக்கரை:
மதுரையில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். கீழ்வரிசை முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறியிருப்பதால் கடந்த வாரம் அலைனர் போட்டுக்கொண்டேன். பல்லை மெல்ல நகர்த்தும், கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் உறைதான். ஒன்று முடிந்ததும் அடுத்ததை மாட்ட வேண்டும். மேலும் கீழும் மாட்டியிருப்பது பிறர் கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கோ ஒரு நொடிகூட அதை மறக்க முடியவில்லை. பல் விண்விண் என்று தெறிக்கிறது. விளிம்பு நாக்கின் ஓரத்தை அறுக்கிறது. வகுப்பில் த, ந என்ற எழுத்துகள் வழுக்குகின்றன. மேல்பல்லின் பின்புறத்தை நாக்கு தொட வேண்டிய இடத்தில் இப்போது பிளாஸ்டிக் இருக்கிறது. இவற்றைப் பொறுத்துக்கொள்வேன். நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணிய வேண்டும் என்கிறார்களே, அதை நினைத்தால்தான் மலைப்பாக இருக்கிறது. காலைக் காப்பி, சிற்றுண்டி, 11 மணித் தேநீர், மதியச் சாப்பாடு, மாலைக் காப்பி, இரவு உணவு. ஒவ்வொரு முறையும் கழற்றி, பல் துலக்கி, மறுபடி மாட்ட வேண்டும். பேசாமல் கம்பிக்கு மாறிவிடலாமா?

செங்காந்தள்:
மாறிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். என் மகள்கள் இருவருக்கும் கம்பி போட்டோம். அது பல்லோடு ஒட்டியிருப்பதால், அணிய மறந்துவிட்டேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. தூங்கினாலும் சாப்பிட்டாலும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அலைனரில் பாதி வேலை உங்கள் தலையில் விழுகிறது. எங்கள் ஊரில் விசாரித்தபோது செலவும் கம்பியைவிட அதிகமாகவே சொன்னார்கள். கல்யாணப் பந்தியில் இலை போட்ட பிறகு வாய்க்குள் விரலை விட்டு, எச்சில் நூலாக ஒழுக உறையைக் கழற்றுவதை யோசித்துப் பாருங்கள். எங்கள் உறவுக்காரப் பையன் அதைக் காகிதத்தில் மடித்து இலையோரம் வைத்தான். சாப்பிட்டு எழுந்ததும் இலையோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆழியாறு:
டப்பா இல்லாமல் கழற்றக் கூடாது என்பதை ஏற்கிறேன். மற்றவற்றில் எனக்கு உடன்பாடில்லை. கம்பி போட்டால் முறுக்கு, சீடை, கடலைமிட்டாய், கரும்பு எல்லாவற்றுக்கும் தடை. மீறிக் கடித்தால், கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டிய சிறு துண்டான பிராக்கெட் பெயர்ந்துவிடும். கீரை கம்பியில் சுற்றிக்கொள்ளும். கன்னத்தின் உட்புறம் உராய்ந்து புண்ணானால் அதன்மேல் மெழுகு ஒட்ட வேண்டும்.

நான் கோவையில் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்து நாள் முழுவதும் பேசுகிறவன். புது அலைனர் மாட்டினால் முதல் இரண்டு மூன்று நாள் தெறிக்கும், பிறகு அடங்கிவிடும். நாக்கை அறுத்த விளிம்பை மருத்துவரிடம் காட்டினேன், அங்கேயே தேய்த்துக் கொடுத்தார். பேச்சுக்குச் செய்தித்தாளை உரக்க வாசித்தேன். இரண்டாவது அலைனருக்குள் நாக்கு பழகிவிட்டது.

நேரக் கணக்கும் முடியாத ஒன்றில்லை. 22 மணி நேரம் போக உங்களிடம் 120 நிமிடம் இருக்கிறது. காலைக் காப்பியையும் சிற்றுண்டியையும் ஒரே வேளையாக்கி 35 நிமிடம், மதியம் 30, மாலைக் காப்பிக்கு 20, இரவுக்கு 30. மொத்தம் 115. பல் துலக்குவதும் இதற்குள் அடங்க வேண்டும். 11 மணித் தேநீரைத்தான் விட வேண்டியிருக்கும்.

செங்காந்தள்:
காகிதத்தில் கணக்கு சரிதான். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் டம்ளரை நீட்டுகிறார்களே, வேண்டாம் என்று எத்தனை முறை சொல்வீர்கள்? கடைசியில் எல்லோரும் உறையோடே காப்பி குடிக்கிறார்கள், அல்லது 16 மணி நேரம் அணிந்துவிட்டு 22 என்று மருத்துவரிடம் சொல்கிறார்கள். நான் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

பல்சீர்:
நான் பல் சீரமைப்பு மருத்துவன். இரண்டு பக்கமும் நோயாளிகளைப் பார்க்கிறேன். செங்காந்தள் சொல்வது என் நாற்காலிக்கு முன்னால் அடிக்கடி நடக்கிறது. ஆனால் அதற்காக எல்லோரையும் கம்பிக்கு அனுப்ப நான் தயாரில்லை.

ஓர் அலைனர் ஒரு பல்லை ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்தான் நகர்த்தும். பல்லுக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்த்திசு இருக்கிறது. தொடர்ந்து அழுத்தம் பட்டால் ஒரு பக்கம் எலும்பு கரைந்து வழிவிடும், மறுபக்கம் புது எலும்பு வளரும். நீண்ட நேரம் கழற்றி வைத்தால் பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். அடுத்த அலைனர் முழுதாக உட்காராது. பல்லின் முனைக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே காற்றிடைவெளி தெரியும். 22 மணி நேரம் என்பதற்குக் காரணம் இதுதான்.

உறையோடு காப்பி குடிப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை. சூட்டில் பிளாஸ்டிக் வளைந்துவிடும். சர்க்கரையும் பாலும் உறைக்குள் தேங்கும், உமிழ்நீரால் அதைக் கழுவ முடியாது. சில மாதங்களில் எனாமலில் சுண்ணாம்பு போல வெள்ளைத் திட்டு விழும், அதன்பின் சொத்தை. உறை வாயில் இருக்கும்போது சூடில்லாத வெறும் தண்ணீர் மட்டும் போதும். சாம்பாரின் மஞ்சளும் பிளாஸ்டிக்கில் ஏறும். சாப்பிட்டதும் வாய் கொப்பளித்து, பல் துலக்கிவிட்டு மாட்டுங்கள். உறையைக் கழுவச் சாதாரணத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும், வெந்நீர் கூடாது.

கேட்டவருக்கு: பற்கள் லேசாக நெருங்கியிருந்தால் அலைனர் நன்றாக வேலை செய்யும். பல் பிடுங்கிய பெரிய இடைவெளியை மூடுவது, உருண்டையான பல்லை வெகுவாகத் திருப்புவது போன்றவற்றுக்குக் கம்பியைத்தான் நான் நம்புவேன்.

நிலாமுற்றம்:
மருத்துவரிடம் போகாமல், நாமே பல்லின் அச்செடுத்து அனுப்பினால் அலைனரை வீட்டுக்கே அனுப்பும் நிறுவனங்கள் இருக்கின்றனவே? செலவு குறையும் அல்லவா?

பல்சீர்:
அமெரிக்காவில் அப்படி நடந்த ஸ்மைல்டைரக்ட்கிளப் 2023 டிசம்பரில் கடையைக் கட்டியது. பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். நிறுவனம் இருந்தால்கூட, ஈறு நோயையும் எலும்புத் தேய்மானத்தையும் எக்ஸ்ரே இல்லாமல் யார் பார்ப்பது? ஆடும் பல்லை மேலும் நகர்த்தினால் பல்லே போய்விடக்கூடும்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. 11 மணித் தேநீர் எங்கள் ஆசிரியர் அறையின் உயிர், இருந்தாலும் அதை விட்டுவிடுகிறேன். இப்போதைக்குக் கம்பி வேண்டாம். கழற்றும்போது நகம் பிய்கிறது, அதற்கு வழி உண்டா? அடுத்த அலைனரை எந்த நேரத்தில் மாற்றுவது?

ஆழியாறு:
முன்பல்லிலிருந்து இழுக்காதீர்கள். கடைவாய்ப் பல்லின் உட்பக்கத்தில் விரல்நுனியைக் கொடுத்து இருபுறமும் தளர்த்தியபின் முன்னால் வாருங்கள். புதியதை இரவு படுக்கப்போகும்போது மாட்டுங்கள். முதல் சில மணி நேரத் தெறிப்பு தூக்கத்தில் கழிந்துவிடும். பழையதை எறிந்துவிடாமல் பத்திரப்படுத்துங்கள். புதியது தொலைந்தால் மருத்துவரைப் பார்க்கும்வரை அதுதான் பல்லைப் பிடித்து வைக்கும்.

செங்காந்தள்:
உங்கள் முடிவு உங்களுடையது, நலமாக முடியட்டும். ஆனால் நான் சொன்னதிலிருந்து பின்வாங்கவில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள்: முழுப் பணத்தையும் இப்போதே கட்டாமல் தவணையாகக் கொடுங்கள். முதல் சில அலைனர்களுக்குப் பிறகும் காற்றிடைவெளி தெரிந்தால், கம்பிக்கு மாற எவ்வளவு கூடுதலாகும் என்பதை இன்றைக்கே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பல்சீர்:
நியாயமான கேள்வி, தயங்காமல் கேளுங்கள். நகர்ந்த பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்து வைக்கும் ரீட்டெய்னருக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கம்பியானாலும் அலைனரானாலும் முடிந்தபின் அதை அணிந்தே ஆக வேண்டும், பலர் அந்தச் செலவைக் கடைசியில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.