சங்கம், சென்ரர், சந்திக்கடை: இலங்கை வன்னியில தொழில் செய்யிற பெண்கள், தங்களுக்கு ஆர் கைகுடுத்தது எண்டு சொன்னவை

முள்ளியவளை, தூள் வியாபாரம்:
செத்தல் மிளகாயும் மல்லியும் வறுத்து, மில்லில அரைச்சு, பக்கற் போட்டு விக்கிறன். நாங்கள் மீள்குடியேறி வந்தாப் பிறகு பொம்பிளையளைத் தேடி ஊருக்குள்ள வந்த குழு எண்டால் கடன் குழுதான். ஒருத்திக்கு மற்றவை பிணை. கிழமைக்கொருக்கா சென்ரரில, அதுதான் குழு கூடிக் காசு கட்டுற இடத்தில, போய் இருக்கவேணும், ஒருத்தி காசு கட்டாட்டி மற்றவையும் எழும்பேலாது. கடைசியில, எனக்குப் பிள்ளைப்பேறு பார்த்த பக்கத்து வீட்டுக்காரியின்ர படலையில நிண்டே சத்தம் போட வேண்டி வந்தது. என்ன தொழில் செய்யிறாய், ஓடுதோ எண்டு அங்க ஒருத்தரும் ஒருநாளும் கேட்டதில்லை. 2018இல வரட்சி பாதிச்ச 12 மாவட்டங்களில, பெண்கள் எடுத்து மூண்டு மாதத்துக்கு மேல கட்டாமல் கிடந்த 1 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. எங்கட முல்லைத்தீவு மாவட்டமும் அதுக்குள்ள வந்தது. கடன் போச்சு. படலையில முறிஞ்ச கதைபேச்சு சில வீடுகளோட இன்னும் ஒட்டேல்லை.

எனக்கு ஆக்கள் கிடைச்சது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில. 2022இல நாட்டில டொலர் இல்லாமல் செத்தல் விலை ஏறேக்க, காசு சேர்த்து வவுனியாவில மூட்டையா எடுத்துப் பிரிச்சம். தனியப் போனால் கடைக்காரர் சொல்லுறதுதான் விலை. அங்க ஒரு அக்கா, அவவும் தூள்தான் விக்கிறா. "பிள்ளை, உன்ர மல்லி கருகுது, நெருப்பைக் குறை" எண்டு காட்டித் தந்தது அவதான். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு இரண்டு பேரும் ஒரே கொட்டிலில இருந்து விக்கிறம். எது நல்லதெண்டு ஆரும் கேட்டால், மீன்குழம்புக்கு அவவின்ரது எண்டுதான் சொல்லுவன். உண்மையும் அதுதான்.

கிளிநொச்சி, தையல்:
2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் நிண்டது நினைவிருக்கோ? வருசப்பிறப்புச் சட்டையெல்லாம் கையில, மோட்டர் பூட்டின மெசின் சும்மா கிடக்குது. எங்கட சிக்கன கடனுதவுச் சங்கத்தில ஒரு அம்மாவிட்ட பழைய கால் மெசின் இருந்தது. நான் வெட்ட, அவ மிதிச்சா. கூலி வேண்டாமாம், பேத்திக்கு ஒரு சட்டை காணுமாம்.

இன்னொண்டும் சொல்லவேணும். வீட்டில ஆம்பிளையில்லாதவள் பொழுதுபட்டாப் பிறகு துணி குடுக்கப் போனால் ஊர் கதை கட்டும். அதால சங்கத்து ஆக்கள் இரண்டு பேராத்தான் போறது. எத்தினை பயிற்சிக்குப் போனாலும் கணக்கு எழுதத்தான் படிப்பிப்பினம், இதையெல்லாம் ஆர் சொல்லித் தருகினம்?

மல்லாவி, எருமைத்தயிர்:
சங்கம் சங்கம் எண்டு சொல்லுறீங்கள், எனக்கு வயிறு எரியுது. நான் இருந்த சங்கத்தில கோழிக்குஞ்சு வந்தாலும் பயிற்சி வந்தாலும் தலைவியின்ர சொந்தக்காரருக்குத்தான். எங்களிட்ட வாங்கினது கையெழுத்து மட்டும். விலகிப்போட்டன். எனக்குக் கைகுடுத்தது மாங்குளம் சந்தியில பழக்கடை போட்டிருக்கிற ஒரு தங்கச்சி. ஏ9 றோட்டால போற வாகனக்காரர் அவளிட்ட இறங்குவினம், என்ர தயிர்ச்சட்டியை முன்னுக்கு அடுக்கி வைப்பாள். விக்காட்டி மத்தியானத்துக்கு முதலே போன் வரும், "அக்கா, வெயில் ஏறுது, மோராக்குவமோ?" எண்டு. பதிவுமில்லை, தலைவியுமில்லை.

முள்ளியவளை:
மல்லாவி அக்கா, நீங்கள் சொல்லுற மாதிரிச் சங்கங்களும் இருக்குத்தான். எங்கட சங்கத்தில கணக்குக் கொப்பி மேசையிலயே கிடக்கும், ஆரும் எடுத்துப் பார்க்கலாம். அது இல்லையெண்டால் நானும் இருக்கமாட்டன்.

பூநகரி, புதுசு:
நான் பனங்கிழங்கில ஒடியல் மாவும், அவிச்சுக் காயவைக்கிற புழுக்கொடியலும் செய்யிறன். பெயர் பதியாட்டி பெரிய கடையள் எடுக்காதாம். ஆரிட்டப் போய்க் கேக்கிறதெண்டு தெரியேல்லை.

கிளிநொச்சி:
பிரதேச செயலகத்தில வியாபாரப் பெயர் பதியலாம் தங்கச்சி. முதல்ல கிராம அலுவலரைப் போய்ப் பாருங்கோ, அவற்ற உறுதிப்படுத்தல் வேணும். பக்கற்றில நிறை, விலை, உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, விலாசம் எல்லாம் இருக்கோணும். புதன்கிழமை துணி குடுக்க நான் பூநகரிக்கு வாறன். படிவம் நிரப்பத் துணை வேணுமெண்டால் சொல்லுங்கோ, செயலக வாசலில நிக்கிறன். புழுக்கொடியல் ஒரு கிலோ எடுத்து வையுங்கோ, காசுக்குத்தான்.