மறு: ஹாஷூர் – தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

அன்பர்களுக்கு,
ஆல்ப்ஸ் மலையின் பழைய வரைபடங்கள் பற்றிய கட்டுரையை வெள்ளிக்குள் மொழிபெயர்த்துத் தர வேண்டும். தூஃபூர் தலைமையில் உருவான சுவிட்சர்லாந்து வரைபடத்தில் (1845–1865, 25 தாள்கள், 1:1,00,000) சம உயரக் கோடு கிடையாது. தண்ணீர் இறங்கும் திசையிலேயே நுண்ணிய கீறல்கள். அந்த ஹாஷூருக்கு 'நிழற்கோடு' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

> நிழற்கோடு

தூஃபூருக்குப் பொருந்தும் தம்பி, அவர் வடமேற்கிலிருந்து வெளிச்சம் விழுவதாக வைத்து மறுபக்கத்தை இருட்டாக்கியவர். 1799இல் ஜெர்மன் வரைபடக்காரர் லேமான் சொன்ன முறையில் நிழலே இல்லையே! சரிவு கூடக்கூடக் கோடு தடிக்கும், 45 பாகையில் முழுக் கறுப்பு. இரண்டுக்கும் பொதுவாக 'மலைவரி' எனலாம். வரிப்புலியில் இருக்கிற அதே வரிதான்.

> மலைவரி

ஊராட்சி ரசீதுதான் நினைவுக்கு வருகிறது ஐயா. முதலில் பிரெஞ்சில் 'ஹ' ஒலிக்காது, அது அஷூர். அஷ் என்றால் கோடரி, அதிலிருந்து கொத்துதல். ஆகவே 'கொத்துவரி'. இன்னொன்று, நம் 'கோடு' என்ற சொல்லுக்கே மலையுச்சி என்று பொருள் உண்டு (திருச்செங்கோடு), கோடுதல் என்றால் வளைதல், குறளின் 'கோடாமை'யும் அதுதான், அப்படியானால் வளைந்ததால் மலைக்குக் கோடு என்று பெயர் வந்ததா, இல்லை மலையைப் பார்த்துத்தான்

> கொத்துவரி

இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் புரோட்டா எங்கே என்பார்கள். அண்ணா, கோடு ஆராய்ச்சியைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாமே. நான் 'சரிவுக்கீற்று' என்பேன். செப்புத்தகட்டில் கீறியதுதானே. களத்தில் அளந்தவர்களின் மூலத்தாள்களில் சம உயரக் கோடுகள்தான் இருந்தன, தகட்டுக்குப் போகும்போது கீற்றாயின. 1870 முதல் வந்த அடுத்த சுவிஸ் வரைபடமான சீக்ஃபிரீட் வரைபடம்தான் கோடுகளையே அச்சிட்டது. கீற்று சரிவைக் காட்டும், உயரத்தைச் சொல்லாது. அந்த வேறுபாடு பெயரிலேயே தெரிய வேண்டும்.

> சரிவுக்கீற்று

தென்னங்கீற்று என்றுதான் படிப்பார்கள், பாருங்கள். ஹாஷூர் என்றே விட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

சரி, மூன்று பேர் ஒப்பியதால் 'சரிவுக்கீற்று' என்றே அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் 'ஹாஷூர் எனப்படும்' என்று சேர்த்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

அதற்குள் அனுப்பியாயிற்றா? கோடு பற்றிப் பாதிதான் எழுதியிருந்தேன்.