ஸ்டஃபிங்: கவவா, உள்ளீடா, ரொட்டிப் பூரணமா?

நியூ ஜெர்சி மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுமத்தாருக்கு வணக்கம்.

நவம்பர் நான்காம் வியாழனன்று வரும் நன்றி நவிலல் நாளை முன்னிட்டு, விருந்துச் சமையலில் உணவு நஞ்சாகாமல் காப்பது பற்றிய இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். வான்கோழி, உறைபனி நீக்கல், வெப்பமானி ஆகியவை தடையின்றி வந்துவிட்டன. ஸ்டஃபிங் என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

உண்டு பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய ரொட்டியைச் சிறு துண்டுகளாக்கி உலர்த்தி, வெண்ணெயில் வதக்கிய வெங்காயம், செலரித் தண்டு, சேஜ், தைம் போன்ற மண இலைகள் ஆகியவற்றைச் சேர்த்து, கோழிச்சாறும் அடித்த முட்டையும் ஊற்றிப் பிசிறி வைப்பார்கள். அதனை வான்கோழியின் வயிற்றுக்குள் வைத்தும் வேகவைக்கலாம், தனித் தட்டில் பரப்பியும் வேகவைக்கலாம். எப்படிச் செய்தாலும் அதன் நடுப்பகுதி 165 பாரன்ஹீட், அதாவது 74 செல்சியஸ் வெப்பத்தை எட்ட வேண்டும் என்பதே துண்டறிக்கையின் முதன்மையான வாக்கியம். எனக்கு ஒரு பெயர்ச்சொல்லும் ஒரு வினைச்சொல்லும் வேண்டும். பிள்ளைகள் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் பெற்றோரும் படிப்பார்கள் என்பதால், வெறும் ஒலிபெயர்ப்போடு விட்டுவிட மனமில்லை.

தஞ்சாவூர்த் தமிழாசிரியர் (ஓய்வு) எழுதியது:

அன்புடையீர், வணக்கம்.

இருக்கும் சொல்லை விட்டுவிட்டு நாம் ஏன் தவிக்க வேண்டும்? தொல்காப்பியம் உரியியலில் 'கவவு அகத்திடுமே' என்கிறது. அகத்தே இடப்படுவது எதுவோ அதுவே கவவு. இலக்கணத்தில் மட்டும் கிடந்து உறங்கும் சொல் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. மதுரைக்காஞ்சியில் இரவுக் கடைத்தெருவின் பண்டங்களைச் சொல்லுமிடத்து 'கவவொடு பிடித்த வகையமை மோதகம்' வருகிறது. மாவுக்குள் வைக்கும் உள்ளீட்டையே அங்கே கவவு என்கிறார் புலவர். சமையற்கட்டில் பிறந்து செய்யுளில் ஏறிய சொல் இது. 'வான்கோழிக் கவவு' என்று எழுதுங்கள். வினைக்குக் 'கவவிடுதல்' எனக் கொள்ளலாம். இதைவிடப் பொருத்தமான சொல்லை உலகத்து எந்த மொழி நமக்குக் கடன் தரப் போகிறது?

சென்னை மென்பொருள் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, சான்று அருமையானது; ஆனால் துண்டறிக்கையில் 'கவவு' என்று அச்சிட்டால் பத்தில் ஒன்பது பேர் அதனைக் 'கனவு' என்றோ 'கதவு' என்றோ படிப்பார்கள். என் கைப்பேசியே இம்மடலில் இருமுறை அதனைக் கனவாக்கித் திருத்தியது. 'வான்கோழிக் கனவை 165 பாரன்ஹீட் வரை வேகவைக்கவும்' என்று அச்சேறிவிட்டால் பொறுப்பேற்பவர் யார்?

'உள்ளீடு' என்ற சொல் எளிதுதான் என்றாலும், கணினித் துறை அதனை முழுமையாக எடுத்துக்கொண்டுவிட்டது. நானே நாள்தோறும் 'உள்ளீட்டுப் பிழை' என்று எழுதிக்கொண்டிருப்பவன். கொழுக்கட்டைக்குள் வைப்பதைத் தமிழ்நாட்டு வீடுகளில் பூரணம் என்கிறோம் அல்லவா? 'ரொட்டிப் பூரணம்' என்றால் பாட்டிக்கும் புரியும், பேத்திக்கும் புரியும்.

தஞ்சாவூர்த் தமிழாசிரியர் எழுதியது:

பூரணம் வடசொல் என்பதைத் தம்பி அறியாதவரல்லர். மோதகத்துக்குள் இருந்த கவவைத் துரத்திவிட்டு அவ்விடத்தில் பூரணம் குடியேறியது ஒரு காலம். அதே பூரணத்தை வான்கோழிக்குள்ளும் நாமே குடியேற்ற வேண்டுமா? நிறைதற் பொருளில் உரியியலிலேயே 'துவன்று' உண்டு, 'கமம்' உண்டு. திருமுருகாற்றுப்படை 'கமஞ்சூல் மாமழை' என்று நீர் நிறைந்த முகிலைச் சொல்லும். 'கவவு' கண்ணுக்குக் கடினமாயின் 'கமம்' எனக் கொள்ளலாம்.

கவவு என்பதற்கு அணைத்தல் என்ற பொருளும் உண்டு. கண்ணகியின் திருமணத்தில் 'கவவுக்கை ஞெகிழாமல்' என்று மகளிர் வாழ்த்துவதை இங்குள்ளோர் மறந்திருக்க மாட்டார்கள். உள்ளே இருப்பதைப் பறவை தழுவிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தால் சொல்லின் அழகு இன்னும் விளங்கும்.

டொராண்டோ உறுப்பினர் (யாழ்ப்பாணம்) எழுதியது:

ஐயாவுக்கு வணக்கம். அந்த வாழ்த்துப் பலிக்கவில்லை என்பதையும் நாங்கள் மறக்கவில்லை.

கமம் என்ற சொல்லை எங்களிடம் கொண்டுவர வேண்டாம். எங்களுக்குக் கமம் என்றால் வேளாண்மை, கமக்காரர் என்றால் உழவர். இலங்கையில் அரசுத் திணைக்களமே கமநலம் என்ற பெயரில் இயங்குகிறது. 'வான்கோழிக் கமம்' என்று யாழ்ப்பாணத்தார் ஒருவர் படித்தால், வான்கோழி வளர்ப்புக்கு மானியம் தருகிறார்கள் போலும் என்று விண்ணப்பப் படிவத்தைத் தேடுவார்.

என் முதன்மையான மறுப்பு வேறு. ரொட்டி என்று எழுதுகிறீர்களே, அது எங்களுக்குக் கல்லில் சுடும் ரொட்டி. நீங்கள் துண்டாக்கி உலர்த்தச் சொல்வது பாண். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல்தான் என்றாலும் எங்கள் பேக்கரிகளில் நூற்றாண்டுக் கணக்காக அதுவே வழக்கு. பாண் வேகும் இடத்தையும் போறணை என்போம். கனடாவில் இந்த விருந்து அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமையிலேயே முடிந்துவிட்டது. எனவே எங்களுக்கு அவசரமில்லை. ஆனால் 'ரொட்டியை உலர்த்துக' என்ற வரியை நம்பி யாரேனும் கோதுமை ரொட்டியைச் சுட்டு உலர்த்திவிட்டால் பழி துண்டறிக்கைக்குத்தான் வரும்.

மதுரை உறுப்பினர் எழுதியது:

மலபார் முஸ்லிம்களின் 'கோழி நிறச்சது' என்ற உணவை எவரும் நினைவூட்டவில்லை. முட்டையும் மசாலாவும் உள்ளே வைத்து முழுக்கோழியைச் சமைப்பார்கள். நிறை என்ற வினை மலையாளத்துக்கும் நமக்கும் பொது. 'நிறைகோழி' என்றும், உள்ளே வைப்பதை 'நிறை' என்றும் சொன்னால் தூய்மைக்கும் பழுதில்லை, எளிமைக்கும் பழுதில்லை. நிறை என்றால் எடையும் ஆகுமே என்பீர்கள்; இடம் நோக்கிப் பொருள் கொள்ளலாம்.

நியூ ஜெர்சி மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, துண்டறிக்கையின் மூன்றாம் வரி 'பறவையின் எடைக்கேற்ப' என்றுதான் தொடங்குகிறது. ஒரு பவுண்டு எடைக்கு முக்கால் கோப்பை ஸ்டஃபிங் என்பது கணக்கு. 'நிறைக்கேற்ற நிறை' என்று எழுத எனக்குத் துணிவில்லை.

அட்லாண்டா சமையல் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சொல்லாராய்ச்சி எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆண்டுதோறும் இதனைச் செய்பவள், மற்றவர்களுக்குச் செய்யக் கற்றுக்கொடுப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலாவது, 'அகத்தே இடுதல்' என்ற பொருள் தரும் எந்தச் சொல்லும் இத்துண்டறிக்கையின் நோக்கத்துக்கு எதிரானது. பறவைக்குள் வைக்கும் ரொட்டி, பச்சை இறைச்சியிலிருந்து வடியும் சாற்றை உறிஞ்சிக்கொள்கிறது. அதன் நடுப்பகுதிதான் கடைசியாகச் சூடேறும். அது 165 பாரன்ஹீட்டை எட்டும் வரை காத்திருந்தால் நெஞ்சுக்கறி வறண்டு நார் நாராகிவிடும். காத்திராமல் எடுத்தால் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் உயிரோடு இருக்கக்கூடும். எனவேதான் தனித் தட்டில் வேகவைப்பதே பாதுகாப்பானது என்கிறார்கள். 'கவவைப் பறவைக்கு வெளியே வேகவைக்கவும்' என்ற வாக்கியத்தைத் தமிழாசிரியர் ஐயாவே ஏற்பாரா? ஆங்கிலத்துக்கும் இந்த இக்கட்டு உண்டு. தென் மாநிலங்களில் பலர் இதனை டிரெஸ்ஸிங் என்பார்கள், அதிலும் சோள ரொட்டியில் செய்தால் வேறு பெயரே சொல்ல மாட்டார்கள். பென்சில்வேனியாவில் ஃபில்லிங் என்போர் உண்டு. டிரெஸ்ஸிங் என்றால் நம்மவர்களுக்குப் புண்ணுக்குக் கட்டுப்போடுவதுதான் நினைவுக்கு வரும் என்பதால் அந்தப் பக்கம் போக வேண்டாம். ரூத் சீம்ஸ் என்ற மனையியல் வல்லுநரின் உழைப்பால் 1972-இல் ஸ்டவ் டாப் என்ற பெட்டி ஸ்டஃபிங் கடைக்கு வந்த பிறகு, பறவையே இல்லாமல் அடுப்பின் மேல் பாத்திரத்தில் கிளறி உண்ணும் பண்டமாகவும் இது ஆகிவிட்டது.

இரண்டாவது, வினைச்சொல். யாரும் இன்னும் 'திணித்தல்' என்று முன்மொழியாதது நல்லது. அரசியல் நினைவு வருவது ஒருபுறமிருக்க, அச்சொல்லே தவறான செய்முறையைக் கற்பிக்கும். ரொட்டி சாற்றை உறிஞ்சி உப்பும். கையால் அமுக்கித் திணித்தால் நடுவில் களிபோல் இறுகி, வெப்பம் உள்ளே போகாது. விரல் நுனியால் அள்ளித் தளர்வாகப் போட்டு, மேலே இடம் விட வேண்டும். எனவே 'நிரப்புக' என்பதற்கு முன்னால் 'தளர்வாக' என்ற அடைமொழியைக் கட்டாயம் சேருங்கள்.

மூன்றாவது, பூரணம். எனக்கு இச்சொல் பிடித்திருப்பதற்குக் காரணம், நம் வீடுகளில் அது இடத்தின் பெயரன்று, கலவையின் பெயர். தேங்காயும் வெல்லமும் வாணலியில் சுருண்டு வரும்போதே அது பூரணம். மாவுக்குள் போவதற்கு முன்பும் பூரணம், மாவு தீர்ந்து மிஞ்சிப்போனாலும் பூரணம். மிஞ்சியதைக் கரண்டியோடு வழித்துத் தின்னும் பிள்ளைகள் அதனை வேறு பெயரால் கேட்பதில்லை. ஆகவே 'பூரணத்தைத் தனித் தட்டில் வேகவைக்கவும்' என்பதில் முரண் இல்லை. பூரணம் என்றால் இனிப்பு என்ற மறுப்பு வரும். உளுந்தை அரைத்து வேகவைத்து உதிர்த்துத் தாளிக்கும் காரப் பூரணம் நம்மிடம் இருக்கும்போது அதுவும் நில்லாது.

சென்னை மென்பொருள் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அம்மா சொல்வதைப் படிக்கப் படிக்க இது பிரெட் உப்புமா என்றே தோன்றுகிறது. 'ரொட்டி உப்புமா' என்று எழுதிவிட்டால் என்ன?

அட்லாண்டா சமையல் ஆசிரியை எழுதியது:

உப்புமாவில் முட்டை ஊற்றி, மேற்புறம் பொன்னிறமாகி மொறுமொறுக்கும் வரை 350 பாரன்ஹீட்டில் ஓவனில் வைப்பவர் எவரும் எனக்குத் தெரிந்தவரை இல்லை. பச்சை முட்டை சேர்வதும் வெப்பமானியை வற்புறுத்துவதற்கு ஒரு காரணம். உப்புமா என்று சொன்னால் ஐந்து நிமிடத்தில் இறக்கிவிடுவார்கள்.

ஒரு துணைச் செய்தி: சேஜ் இலைக்குக் கற்பூரவள்ளி என்று எங்கேயோ மொழிபெயர்த்திருப்பதைப் பார்த்தேன். இரண்டும் வேறு செடிகள், மணமும் வேறு. அதனைச் சேஜ் என்றே விட்டுவிடுங்கள்.

நியூ ஜெர்சி மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நாளை மாலை அனுப்ப வேண்டும் என்பதால், பெரும்பான்மைக் கருத்தை ஏற்று 'ரொட்டிப் பூரணம்' என எழுதி, முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் 'ஸ்டஃபிங்' என்று குறித்துவிடுகிறேன். வாக்கியங்கள் இவ்வாறு அமைகின்றன:

'ரொட்டிப் பூரணத்தைத் தனித் தட்டில் வேகவைப்பதே பாதுகாப்பானது. வான்கோழிக்குள் வைப்பதாயின், ஓவனில் ஏற்றுவதற்குச் சற்று முன்பு மட்டுமே தளர்வாக நிரப்புக. முந்தைய இரவே நிரப்பி வைக்க வேண்டா. ஓவனின் வெப்பம் 325 பாரன்ஹீட்டுக்குக் குறையக் கூடாது. பறவையை வெளியே எடுத்து 20 நிமிடம் கழித்துப் பூரணத்தை அகற்றுக. மீதமானதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைக்கவும்.'

பாண் பற்றிய மறுப்பு நியாயமானது. தேவையான பொருள்களின் பட்டியலில் 'ரொட்டி அல்லது பாண்' என்று எழுதியிருக்கிறேன். போறணைக்கு இடம் கிடைக்கவில்லை, பொறுத்தருள்க.

தஞ்சாவூர்த் தமிழாசிரியர் எழுதியது:

நாள் நெருக்கடியில் எடுத்த முடிவு என்பதால் இப்போது மேலும் வற்புறுத்தவில்லை. ஆயினும் என் மாறுபாட்டைப் பதிவு செய்கிறேன். கலவையின் பெயர் வேண்டும், இடத்தின் பெயர் கூடாது என்ற அம்மையாரின் வாதம், மோதகத்துக்குள் இருந்த கவவுக்கும் பொருந்தும். 'கவவொடு பிடித்த' என்னும்போது பிடிப்பதற்கு முன்பே அது கவவாகத்தானே இருந்தது? அடுத்த ஆண்டுத் துண்டறிக்கைக்கு முன்பாக இதனை மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

டொராண்டோ உறுப்பினர் எழுதியது:

அடுத்த ஆண்டு எங்கள் அக்டோபருக்கு முன்பே எடுத்துக்கொள்ளுங்கள், ஐயா. அதுவரை இங்கே 'பாண் பூரணம்' என்றே புழங்குவோம்.