மிஷனரி ஞாயிறு: பணித்தளத்து வாலிபர்களின் சாட்சியை அப்படியே வாசிக்கலாமா?

அல்சூர்வாசி:
பெங்களூர்த் தமிழ்ச் சபைகளில் மிஷனரி ஞாயிறு நெருங்கினால் வாலிபர் ஐக்கியம் ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் இருக்கிற இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி தட்டிவிடும்: "விசுவாசத்தை வளர்த்த அனுபவம் ஒன்று எழுதி அனுப்புங்க, சனிக்கிழமைக்குள் வேண்டும்." வருவதில் பெரும்பாலானவை ஒரே அச்சு. காய்ச்சல் வந்தது, உபவாசித்து ஜெபித்தேன், மறுநாள் எழுந்து நடந்தேன். இதைப் பிரசங்க பீடத்தில் அப்படியே வாசிக்கக் கூடாது என்கிறேன். பிள்ளைகள் பொய் சொல்கிறார்கள் என்று சொல்லவில்லை. நாம் கேட்கிற விதம்தான் அவர்களை அங்கே தள்ளுகிறது.

ஜெபசிங்_லிங்கராஜபுரம்:
பிரதர், சாட்சியைச் சலித்தெடுக்கும் வேலையை உங்களுக்கு யார் கொடுத்தது? கர்த்தர் என் ஆத்துமாவுக்குச் செய்ததைச் சொல்லுவேன், வந்து கேளுங்கள் என்கிறது 66ஆம் சங்கீதம். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு வயது இருபத்துநாலுதான். அவருடைய கடிதங்களை ஜெர்மனியின் ஹாலே நகரத்தார் 1710 முதல் அச்சடித்துப் பரப்பினார்கள். அதைப் படித்துத்தான் பணம் வந்தது, ஆட்கள் வந்தார்கள், தமிழ் எழுத்துக்கூட ஜெர்மனியில் வார்த்து வந்தது. சாட்சி போகாமல் இருந்தால் 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு முழுசாக அச்சேறியிருக்குமா?

அல்சூர்வாசி:
நல்ல உதாரணம், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அதே சீகன்பால்கு நம் ஊர்த் தெய்வங்களைப் பற்றி மக்களிடம் கேட்டுக் கேட்டு 1713இல் பெரிய நூல் ஒன்று எழுதி அனுப்பினார். அதை அச்சிட ஹாலே தயாராக இல்லை; 1867இல்தான் சென்னையில் வெளியானது. காணிக்கை தருபவருக்குப் பிடிப்பது முன்னே, மற்றது அலமாரியில் என்பது அன்றைக்கே தொடங்கிவிட்டது. தெருப்பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தாரே, அதுவும் விசுவாச அனுபவம்தான். இன்றைய பிள்ளை அப்படி ஒன்றை எழுதினால் நம் கமிட்டி "இதில் சாட்சி எங்கே?" என்று திருப்பி அனுப்பும்.

செவிலி_ஃபிரேசர்டவுன்:
காய்ச்சல் சாட்சிக்கு மட்டும் வருகிறேன். பணித்தளங்கள் பலவும் மலேரியா பூமி. அங்கே அதிகம் பார்க்கிற இரண்டு வகையில் ஒன்று விவாக்ஸ். அதில் குளிரும் காய்ச்சலும் ஏறக்குறைய 48 மணிக்கு ஒருமுறை வரும். இன்று நடுங்கி வேர்த்துக் கிடப்பவர் நாளை எழுந்து கஞ்சி குடிப்பார், சைக்கிள் மிதிப்பார். நாளை மறுநாள் திரும்பப் படுப்பார். அந்த நடுநாளில் எழுதிய கடிதத்தைத்தான் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிறீர்கள்.

இதில் மோசம் என்னவென்றால், சுகம் கிடைத்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்துகிறார்கள். விவாக்ஸுக்கு குளோரோகுயின் மூன்று நாள். அது ரத்தத்தில் இருக்கிற கிருமியைத்தான் கொல்லும். கல்லீரலில் உறங்குகிற கிருமிக்கு ப்ரைமாகுவின் பதினாலு நாள் விடாமல் போட வேண்டும். ஜி6பிடி என்கிற என்சைம் குறைபாடு இருப்பவர்களுக்கு அதனால் ரத்த அணுக்கள் உடையும் என்பதால் டாக்டர் சொல்லித்தான் தொடங்கணும். நடுவில் விட்டால் சில வாரத்திலோ சில மாதத்திலோ அதே காய்ச்சல் திரும்பும். அப்போது அந்தப் பிள்ளை "என் விசுவாசம் குறைந்துவிட்டது" என்று அழும். குறைந்தது மாத்திரை.

இன்னொரு வகை ஃபால்சிபாரம். அது மூளைக்கு ஏறினால் ஒன்றிரண்டு நாளிலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். ஊர்ச் சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்காவிடம் விரல் நுனி ரத்தத்தில் பார்க்கிற கிட் உண்டு, கால் மணி நேரத்தில் முடிவு தெரியும், காசு கிடையாது. ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலைப்பக்கம் சாஹிப்கஞ்ச், பாகூர் மாவட்டங்களில் மணல் ஈ கடித்துப் பரவுகிற காலா அசார் காய்ச்சலும் உண்டு. காய்ச்சல் இரண்டு வாரம் தாண்டி, இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் கைக்குத் தட்டுப்பட்டால் அதற்கான டெஸ்ட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஜெபசிங்_லிங்கராஜபுரம்:
சிஸ்டர், மாத்திரை வேண்டாம் என்று யார் சொன்னது? மாத்திரை வழியாகவும் ஆண்டவர்தான் சுகம் தருகிறார் என்று நம்புகிறவன் நான். ஆனால் கரண்டு இல்லாத ஊரில், பாஷை பிடிபடாமல், தனியாகக் கிடக்கிற பையனைத் தாங்கி நிறுத்துவது லேப் ரிப்போர்ட்டில் வராத ஒன்று. அதை நீங்கள் வெட்டினால் மிஞ்சுவது டூர் ரிப்போர்ட். பாஷை வகுப்புக் கதை மட்டும் வாசித்துப் பாருங்கள், தாங்குகிற ஜெபக்குழு தானாகக் கரைந்துவிடும்.

சந்திரமௌலி_மல்லேஸ்வரம்:
நான் உங்கள் சபை இல்லை, வெளியே நின்று கேட்கிறேன். ஏழைக் குடிசையில் காய்ச்சலைக் காட்டி ஜெபம் செய்து ஆள் சேர்ப்பதற்கு "விசுவாச அனுபவம்" என்று பேரா? மதத்தைப் பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டதே.

கிழக்குவாசல்:
தீர்ப்பு நீங்கள் சொன்னதுதான் சார், ஸ்டனிஸ்லாஸ் வழக்கு. மத்தியப் பிரதேச, ஒடிசா சட்டங்கள் செல்லும் என்றது. ஆனால் அந்தச் சட்டங்கள் தடுத்தது பலவந்தம், மோசடி, ஆசைகாட்டுதல். ஒருவர் தானாக விரும்பி ஏற்பதை அந்தத் தீர்ப்பு தடுக்கவில்லை. இங்கே பேசுகிற கடிதங்களும் மிஷனரிப் பிள்ளைகள் தங்கள் காய்ச்சலைப் பற்றி எழுதியவை.

சபைக்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறு. உத்தரப்பிரதேசத்தின் 2021 சட்டத்தில் ஆசைகாட்டுதல் என்பதற்குப் பணம், வேலை, இலவசப் படிப்பு மட்டுமல்ல, நல்ல வாழ்க்கை, தெய்வக் கோபம் என்பதுவரை விளக்கம் போகிறது. "ஜெபித்தால் குணமாகும் என்றேன், குடும்பமே வந்தது" என்று ஊர் பேரோடும் தேதியோடும் ஒரு பையன் எழுதியதை நீங்கள் யூடியூப் நேரலையில் வாசித்தால், அவன்மேல் புகார் எழுதுபவருக்கு வேலை பாதி முடிந்தது. ஆகவே ஊர் பேர், ஆள் பேர், முகம் மூன்றும் வேண்டாம். படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் இடக்குறிப்பு நீங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். நம் மீடியா டீம் "குவாலிட்டி வேணும், டாக்குமென்டா அனுப்புங்க" என்று கேட்பதை முதலில் நிறுத்தணும்.

அல்சூர்வாசி:
ஜெபசிங் பிரதர், பாஷை வகுப்பை லேசாக நினைக்கிறீர்கள். ராஜ்மகால் மலை மக்கள் பேசுகிற மால்தோ நம் திராவிடக் குடும்பத்து மொழிதான், அதனாலேயே தமிழ்ப் பிள்ளைகள் சுலபம் என்று போய் மாட்டுகிறார்கள். தொண்டையின் அடியிலிருந்து வரும் ஒரு 'க' நமக்கு வாயில் நுழையாது. உருப்படியான வழி, காலையில் நாலைந்து வாக்கியம் ஒருவரிடம் கற்று, சாயங்காலத்துக்குள் அதையே இருபது வீட்டுத் திண்ணையில் சொல்லித் திருத்து வாங்குவது. பட்டப்படிப்பு முடித்தவன் ஏழு வயதுக் குழந்தையிடம் திருத்து வாங்குகிறான். அவன் பெருமை உடைகிற இடம் அது. கடிதத்தில் எனக்கு வேண்டியது அது. என்ன கேட்டு ஜெபித்தாய், எது நடக்கவில்லை, இந்த மாதம் உனக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேளுங்கள். உடன் ஊழியன் துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்ததைப் பவுல் மறைக்காமல்தானே எழுதினார்?

ஜெபசிங்_லிங்கராஜபுரம்:
எழுதினார். மெலித்தா தீவில் பவுல் ஜெபித்து, தீவின் தலைவன் புபிலியுவின் தகப்பனுக்குக் காய்ச்சல் நீங்கியதும் அப்போஸ்தலர் 28இல் இருக்கிறது, அதை லூக்கா என்கிற வைத்தியர் வெட்டவில்லை. மிஷனரி வில்லியம் கேரி 1793இல் வங்காளத்துக்கு வந்து முதல் ஞானஸ்நானத்துக்கு 1800 டிசம்பர் வரை காத்திருந்தார். அந்தக் காத்திருப்பையும் வாசிப்போம், சரி. ஊர் பேரை எடுக்கவும் சம்மதம். சுகமான கடிதத்தை ஒதுக்க மட்டும் ஒப்பமாட்டேன். வேண்டுமானால் என்ன டெஸ்ட், என்ன மருந்து என்று ஒரு வரி சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்.

அல்சூர்வாசி:
அந்த வரி சேர்ந்த பிறகும் அதையே சாட்சியாகச் சொல்லத் துணிகிற பையன் எழுதினால் நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் சனிக்கிழமைக் கெடு போகணும். கெடு வைத்தால் அற்புதம்தான் வரும்.

செவிலி_ஃபிரேசர்டவுன்:
ஞாயிறு வரை காத்திருக்காதீங்க. காய்ச்சல் கடிதம் எது வந்தாலும் வாங்கினவர் அன்னைக்கே போன் போட்டு, பதினாலு நாளும் முடிஞ்சுதா, மிச்சம் எத்தனை மாத்திரை கையில இருக்குன்னு எண்ணிச் சொல்லச் சொல்லுங்க.